எழுப்புதல் யாருக்கு வேண்டும்? மந்தைக்கா, மேய்ப்பருக்கா?

கிறிஸ்தவ சபைகளின் சார்பாய் ஊருக்கு ஊர் "எழுப்புதல் கூட்டங்கள்" என்பதாக நடந்து வருவதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். பந்தல் போட்டு, விளக்குக் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, மூன்று நாள் நான்கு நாள் என்று இராத்திரி வெகுநேரம் வரையில் ஜெபமும் பாட்டும் பிரசங்கமும் நடக்கின்றன. ஜனங்கள் அழுகிறார்கள், முழங்காலில் நிற்கிறார்கள், தங்கள் பாவங்களைச் சொல்லிக் கதறுகிறார்கள். சபை தூங்கிப் போய்விட்டது, அதை எழுப்ப வேண்டும், அதற்கு ஆவிக்குரிய புதுஜீவன் உண்டாக வேண்டும் என்பதே இக்கூட்டங்களின் நோக்கமென்று சொல்லப்படுகிறது.

சபை தூங்குகிறதா இல்லையா என்று நாம் தர்க்கம் செய்யப் போவதில்லை. தூங்குகிறவர் யார் என்பதே நம் கேள்வி. பந்தலில் மண்ணில் உட்கார்ந்து அழுகிறவன் பகலெல்லாம் வெயிலில் கூலி வேலை செய்து, கிடைத்த கூலியில் காணிக்கையும் போட்டுவிட்டு வந்தவன். அவனிடம் எழுப்புவதற்கு என்ன பாக்கியிருக்கிறது? விடியற்காலம் கோழி கூவுமுன் எழுந்தவனையே இராத்திரி பத்து மணிக்கு மறுபடியும் எழுப்புகிறார்கள். மேடைமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களை எழுப்புவதற்கு ஒரு கூட்டம் போட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இதைச் சொன்னவுடனே, "நீங்கள் கடவுளையும் ஆவியையும் ஒப்புக்கொள்ளாதவர்கள். எங்கள் சபை தூங்கினால் உங்களுக்கென்ன, விழித்தால் உங்களுக்கென்ன?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மோக்ஷத்தைப் பற்றியோ நித்திய ஜீவனைப் பற்றியோ பேச்சாயிருந்தால் நாம் குறுக்கிட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் நாம் பேசப்போகும் சுவர் ஆகாயத்தில் கட்டியிருக்கும் சுவரல்ல. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் பூமியில் கட்டிய சுவர். நாம் பேசப்போகும் தெரு பரலோகத்துத் தெருவல்ல. பிணம் தூக்கிப் போகக்கூடாதென்று மறிக்கப்பட்ட நம் ஊர்த் தெரு. அங்கே மறிக்கப்பட்டவன் எந்த மதத்தின் பேரைச் சொல்லிக்கொண்டாலும் மனிதன். ஆகவே பேச நமக்குப் பாத்தியதை உண்டு.

கிறிஸ்தவ மிஷன்கள் இந்நாட்டிற்குச் செய்த நன்மைகளை மறைப்பதும் நமது நோக்கமல்ல. யாரைக் கண்டால் தீட்டு, யாருடைய நிழல் பட்டால் பாவம் என்று இருந்த நாட்டில், அவர்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பலகையில் எழுத்தெழுதச் சொல்லிக் கொடுத்தவர்கள் பாதிரிமார்கள். பெண்களுக்குப் பள்ளிக்கூடமும், ஏழைகளுக்கு ஆஸ்பத்திரியும் வைத்தவர்கள் அவர்கள். இதை ஒப்புக்கொள்ள மறுப்பது நன்றிகெட்டதனமாகும். இந்த நன்மையை நம்பி வந்தவனுக்கு உள்ளே கிடைத்த மரியாதை என்ன என்று கேட்பது அதைவிடப் பெரிய கடமையாகும்.

நிற்க, கதையின் ஆரம்பத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 1606ல் ராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலிய ஏசுசபைப் பாதிரியார் மதுரைக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு முன்பே பெர்னாந்தஸ் என்ற பாதிரியார் அங்கே பரதவக் கிறிஸ்தவர்களுக்கு ஊழியம் செய்துகொண்டிருந்தார். மேல்ஜாதியாரைச் சேர்க்க வேண்டுமானால் இந்தச் சகவாசம் உதவாதென்று கண்ட நொபிலியார், காவி கட்டி, பூணூல் தரித்து, பார்ப்பன சமையற்காரரை வைத்துக்கொண்டு, தனி வீட்டில் தனிக் கோவில் வைத்துத் தம்மை ரோமாபுரியிலிருந்து வந்த உயர்குலத்தாராகக் காட்டிக்கொண்டார். அவருடைய புலமையைப் பற்றியோ தமிழ்த் தொண்டைப் பற்றியோ நமக்கு ஆக்ஷேபணை இல்லை. ஆனால் சபையின் வாசற்படியிலேயே ஜாதிக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்த முதல் காரியம் இதுவாகும். 1623ல் ரோமாபுரிப் போப் இந்தப் பூணூலுக்கும் குடுமிக்கும் அனுமதியும் கொடுத்துவிட்டார். பிறகு 1640ல் கீழ்ஜாதியாருக்கென்று "பண்டாரசாமி"கள் என்று வேறொரு வகைப் பாதிரிமார் ஏற்பட்டார்கள். கடவுள் ஒன்று, வேதம் ஒன்று, சாமியார் மட்டும் ஜாதிக்கு ஒருவர்!

இந்த ஏற்பாடு எதுவரையில் போயிற்றென்றால், தாழ்ந்த ஜாதியென்று ஒதுக்கப்பட்டவன் சாகக் கிடந்தாலும் அவன் குடிசைக்குள் நுழைந்து அவஸ்தைப் பூசுதல் கொடுக்கப் பாதிரியார் மறுக்கும் வரையில் போயிற்று. போப்பின் பிரதிநிதியாகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் என்பவர் 1704ல் இதைக் கண்டித்து உத்தரவு போட்டார். அந்த வழக்கு நாற்பது வருஷம் ரோமாபுரியில் இழுபட்டு, 1744ல் முடிவான தீர்ப்பு வந்தது. குடிசைக்குள் போகவேண்டியதுதான் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் எப்படி? ஒதுக்கப்பட்டவர்களுக்கென்று தனியாகச் சில பாதிரிமாரை நியமித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டின் மேல்! தீண்டாமைக்குப் பரிகாரம் தீண்டத்தகாதவருக்குத் தனிப் பாதிரி. புண்ணை ஆற்றுவதற்குப் புண்ணிருக்கும் காலைத் தனியாக வெட்டி வைத்த வைத்தியமென்றே இதைச் சொல்ல வேண்டும்.

இது கத்தோலிக்கரின் கதை, புராட்டஸ்டண்டுகளிடம் இது கிடையாது என்று யாரும் சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதில்லை. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சென்னை வேப்பேரியிலும் அவர்களுடைய கோவில்களில் வேளாளருக்கு ஒரு பக்கம், மற்றவருக்கு ஒரு பக்கம் என்று இடம் பிரிக்கப்பட்டிருந்தது. இராப்போஜனப் பாத்திரத்திலுங்கூட முந்திக் குடிப்பவர், பிந்திக் குடிப்பவர் என்ற வரிசை இருந்தது. 1833ல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் என்பவர், ஜாதி வித்தியாசத்தைத் தாமதமின்றி, மிச்சம் மீதியின்றி விட்டொழிக்க வேண்டுமென்று கண்டிப்பாக உத்தரவிட்டார். என்ன நடந்தது? நூற்றுக்கணக்கான மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் கோவிலை விட்டு வெளியேறினார்கள். கிறிஸ்துவை விடுவதா, ஜாதியை விடுவதா என்ற கேள்வி வந்தபோது ஜாதியை விட அவர்களுக்கு மனம் வரவில்லை. அவர்களில் பலரைக் கொஞ்ச காலத்திற்குப் பிறகு ஜெர்மனி தேசத்து லைப்சிக் மிஷன் சேர்த்துக்கொண்டது. 1850ல் சென்னையில் மிஷனரிகள் கூடி ஜாதிக்கு விரோதமாய்த் தீர்மானம் செய்தபோதும் அந்த ஒரு மிஷன் அதில் சேர மறுத்து நின்றது. ஜாதியை ஒரே நாளில் அழிக்க முடியாது, மெள்ள மெள்ளத்தான் போகும் என்பது அவர்கள் சொன்ன சமாதானம். மெள்ள மெள்ளப் போக ஆரம்பித்து நூற்றெழுபது வருஷத்துக்கு மேலாகிறது. இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று சொல்வார் இல்லை.

இந்த நீண்ட கதையில் ஒரே ஒரு சுவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாய்ச் சொல்ல விரும்புகிறோம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். அங்கே கத்தோலிக்கரில் வேளாளரும் நாடாரும் ஒரே கோவிலில் சேர்ந்து பூசை காணச் சம்மதப்படவில்லை. ஆகவே 1872ல் ஒரு விநோதமான கோவில் கட்டி முடித்தார்கள். பீடம் ஒன்று; அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டு மண்டபங்கள் பிரிந்து போகும். ஒரு காலில் ஒரு ஜாதி, மற்றொரு காலில் மற்றொரு ஜாதி, நடுவில் சுவர். பீடத்தில் நிற்கும் பாதிரியார் இரண்டு பக்கத்தாருக்கும் தெரிவார். ஒரு பக்கத்தார் மறுபக்கத்தார் கண்ணில் படமாட்டார்கள். இந்தச் சாமர்த்தியமான கட்டடத்திற்குப் படம் எழுதியவரையும், அதற்குச் சம்மதம் கொடுத்த பெரியவர்களையும், அதை மந்திரித்துத் திறந்து வைத்தவர்களையும் யோசித்துப் பாருங்கள். அவர்கள் ஜெபம் செய்யாதவர்களா? உபவாசம் இல்லாதவர்களா? ஆவிக்குரிய வாழ்வில் குறைந்தவர்களா? எல்லாம் நிறைந்தவர்களாய்த்தான் இருந்திருப்பார்கள். அத்தனையும் இருந்தும் சுவர் எழும்பிற்று!

சுமார் நாற்பது வருஷங் கழித்து அங்கே பாதிரியாராயிருந்த கௌசானல் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தச் சுவரை இடித்துத் தள்ளினார். மேல்ஜாதியார் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள், வழக்கு மெட்ராஸ் ஹைகோர்ட்டு வரையில் போயிற்று. கோவிலில் தனியிடம் கேட்க ஒரு ஜாதியாருக்குப் பாத்தியதை கிடையாதென்று தீர்ப்பாயிற்று. உலகம் முழுகிப் போகவில்லை. வானம் இடிந்து விழவில்லை.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? 1704லும் 1744லும் 1850லும் போட்ட உத்தரவுகளும் தீர்மானங்களும் செய்யாத காரியத்தை ஒரு கடப்பாரை செய்தது. கடப்பாரைக்கு அவ்வளவு சக்தி எங்கிருந்து வந்ததென்றால், அதை எடுக்கச் சொன்னவர் தம் பக்கத்தில் நஷ்டத்தை ஒப்புக்கொண்டதனால் வந்தது. காணிக்கை குறைந்தாலும் சரி, பெரிய மனிதர்கள் விரோதித்தாலும் சரி, கோர்ட்டுக்கு இழுத்தாலும் சரி என்று துணிந்தார். வில்சனும் அப்படியே, பெரிய குடும்பங்கள் கோவிலை விட்டுப் போவதைக் கண்ணால் கண்டும் உத்தரவைத் திரும்ப வாங்கவில்லை. எனவே தலைவர்களின் மனம் மாறியிருக்கிறதா இல்லையா என்று அறிவதற்கு அவர்கள் கண்ணீரை அளந்து பார்க்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கேள்வி போதும்: "இதற்காக நீர் எதை இழக்கத் தயார்?" இழக்க ஒன்றும் தயாரில்லாத எழுப்புதல் வெறும் கூப்பாடு என்பதே நமது அபிப்பிராயம்.

இனிச் சமீப காலத்திற்கு வருவோம். 1982ல் இந்தியக் கத்தோலிக்க மேற்றிராணிமார் திருச்சியில் கூடி, ஜாதி பாராட்டுவது பாவம் என்று அறிக்கை வெளியிட்டார்கள். 2003ல் தமிழ்நாட்டு மேற்றிராணிமார் ரோமாபுரிக்குப் போயிருந்தபோது, இரண்டாம் ஜான் பால் போப்பே அவர்களைப் பார்த்து, கிறிஸ்தவர்களுக்குள் ஜாதித் துவேஷத்தின் சாயலுங்கூட இருக்கக்கூடாதென்று எடுத்துச் சொன்னார். 2016ல் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களின் முன்னேற்றத்திற்கென்று மேற்றிராணிமார் சபை ஒரு கொள்கைச் சாசனமே வெளியிட்டது. இந்தியாவிலுள்ள கத்தோலிக்கர் சுமார் 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தாழ்த்தப்பட்டவர்கள் என்றும், சபைக்குள் தீண்டாமை இருக்கிறதென்றும் அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒப்புக்கொண்டதற்காக நாம் பாராட்டுகிறோம். ஆனால் இதே சங்கதியை 1704 முதல் எத்தனை தடவை ஒப்புக்கொள்வது? கடன்காரன் ஒவ்வொரு வருஷமும் பத்திரத்தைப் புதுப்பித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். காசு மட்டும் கைக்கு வருவதில்லை.

அந்தத் தீர்மானங்களுக்கு நடுவிலேதான் எறையூர் இருக்கிறது. 2008 மார்ச் மாதம், அப்போது விழுப்புரம் ஜில்லாவிலிருந்த அந்த ஊரில், தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கர்கள் தங்களுக்குச் சமமரியாதை வேண்டும், இல்லாவிட்டால் தங்கள் கோவிலையே தனிப் பங்காக்கிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார்கள். பொதுத்தெரு வழியாகப் பிணம் கொண்டுபோகக்கூட வழியில்லை என்பது அவர்கள் குறை. கலகமுண்டாயிற்று, வீடுகள் தாக்கப்பட்டன, போலீசார் சுட்டதில் இரண்டு உயிர்கள் போயின. தாக்கியவரும் கத்தோலிக்கர், தாக்கப்பட்டவரும் கத்தோலிக்கர். இரு தரத்தாரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே அப்பத்தைச் சாப்பிட்டவர்கள். திருச்சியில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலிருந்த ஜாதிச் சுவரை நீக்கவேண்டுமென்று 2010ல் கிளர்ச்சி நடந்தது. உயிரோடிருக்கும்போது கலந்துவிட்டால் கலியாண சம்பந்தம் வந்துவிடும் என்று பயந்தார்கள் என்றாவது சொல்லலாம். செத்தவன் கலந்தால் என்ன வரும்? எலும்புக்கும் எலும்புக்கும் கலியாணமா நடக்கப்போகிறது? கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த கோட்டப்பாளையம் என்ற ஊரின் தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கர்கள் தங்கள் கோவில் காரியங்களில் தங்களை ஒதுக்கிவைத்திருப்பதாகச் சொல்லிச் சுப்ரீம் கோர்ட்டுக்கே போனார்கள். 2025 பிப்ரவரியில் கோர்ட்டார் நோட்டீஸ் அனுப்பினார்கள். வழக்கின் நியாயத்தைக் கோர்ட்டார் தீர்மானிக்கட்டும். மேற்றிராணியாரிடம் முறையிட்டுத் தீரவேண்டிய காரியத்திற்கு ஏழைகள் டெல்லி வரையில் ரயில் ஏறவேண்டியிருக்கிறதே என்பதுதான் நமது துக்கம்.

"ஜாதி இந்து மதத்திலிருந்து வந்தது; கிறிஸ்தவத்தில் அதற்கு இடமில்லை" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நமக்கும் தெரியும். வீட்டுக்குள் பாம்பு நுழைந்திருக்கிறது. அது பக்கத்து வீட்டுப் புற்றிலிருந்து வந்த பாம்பு என்பது வாஸ்தவம். அதற்காகத் தடியெடுக்காமல் பாம்பின் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமா? அதிலும் வந்த பாம்பிற்கு முந்நூறு வருஷம் பால் வார்த்தவர்கள் அப்படிப் பேசலாமா?

"முதலில் இருதயம் மாறவேண்டும்; சட்டத்தினால் ஆகாது; ஜெபம் செய்யுங்கள்" என்று வேறு சிலர் சொல்வார்கள். அவர்களை ஒன்று கேட்கிறோம். ரோமாபுரிச் சபையில் நூற்றாண்டு நூற்றாண்டாகப் பூசை லத்தீன் பாஷையிலேயே நடந்து வந்தது. ஜனங்களுக்கு ஒரு வார்த்தையும் விளங்காது. பாதிரியார் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மந்திரம் சொல்லுவார். நம் ஊர் சமஸ்கிருதம் எப்படியோ அப்படி அவர்களுக்கு லத்தீன். இதை மாற்றுவதைப் பற்றிப் பேசினாலே தோஷம் என்றிருந்தது. 23ம் ஜான் என்ற வயோதிகப் போப் 1962ல் உலகத்து மேற்றிராணிமாரை ரோமாபுரிக்குக் கூட்டினார். 1965ல் கூட்டம் முடிந்தது. அதன் பலனாகச் சில வருஷத்திற்குள் பாதிரியார் ஜனங்களைப் பார்த்துத் திரும்பினார். பூசை தமிழில் கேட்டது. கடவுள் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. தமிழ் தெரியாதென்றும் சொல்லவில்லை. ஒவ்வொருவர் இருதயமும் தனித்தனியாய் மாறட்டும் என்று காத்திருந்தா இதைச் செய்தார்கள்? தலைவர்கள் தீர்மானித்தார்கள், நடந்தது. தங்களுக்கு மனமிருந்தால் மூன்றே வருஷத்தில் ஆயிரம் வருஷத்து வழக்கத்தைத் திருப்பத் தெரிந்தவர்கள், மனமில்லாத காரியத்திற்கு மட்டும் ஜெபத்தைச் சாக்காகச் சொல்வது யோக்கியமாகுமா?

தலைவர்களின் மனப்பான்மைதான் நோய் என்பது நமது கற்பனையல்ல. போப் பிரான்சிஸே 2014 டிசம்பரில், தமது காரியாலயத்துக் கர்தினால்மாரையும் அதிகாரிகளையும் வரிசையாய் உட்காரவைத்துக்கொண்டு, அவர்களைப் பிடித்திருக்கும் வியாதிகள் என்று 15 வியாதிகளுக்கு ஜாபிதா படித்தார். தங்களை விட்டால் ஆளில்லை என்று நினைப்பது, பட்டம் பதவிக்கு அலைவது, மேலே இருப்பவருக்குத் துதி பாடுவது, புறங்கூறுவது எல்லாம் அந்த ஜாபிதாவில் உண்டு. கிறிஸ்துமஸ் வாழ்த்து வாங்க வந்தவர்களுக்குக் கிடைத்த வாழ்த்து இது! நோயின் கொடுமைக்கும் சாக்ஷி உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பாதிரிமார் சிலர் சிறு பிள்ளைகளைக் கெடுத்ததும், அதை மூடிமறைத்து அவர்களை ஊருக்கு ஊர் மாற்றியதும் 2002ல் பத்திரிகைகளால் அம்பலமாயிற்று. அந்நகரத்துக் கர்தினால் அவ்வருஷமே பதவியை விட்டு விலகினார். விலகியவருக்கு என்ன கிடைத்தது? 2004ல் ரோமாபுரியின் மிகப் பெரிய கோவில்களில் ஒன்றின் தலைமை கிடைத்தது. பிரான்சு தேசத்தில் 1950 முதல் 2020 வரையில் பாதிரிமாரால் கெடுக்கப்பட்ட சிறுவர் சிறுமியர் சுமார் 2,16,000 பேர் இருக்கலாமென்று அச்சபையே நியமித்த விசாரணைக் கமிஷன் 2021ல் மதிப்பிட்டது. கோவிலின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று பிள்ளைகளின் மானத்தைப் பலி கொடுத்த தலைமை இது. நம் ஊரில் ஜாதிச் சுவரைக் கண்டும் காணாமலிருக்கும் தலைமையும், அங்கே இந்தக் கொடுமையைக் கண்டும் காணாமலிருந்த தலைமையும் ஒரே கொடியில் காய்த்த காய்கள்தான். "வெளியே தெரிந்தால் சபைக்குக் கெட்ட பேர்" என்பதே இரண்டிற்கும் வேர்.

இந்த மனப்பான்மை எங்கே ஆரம்பிக்கிறது? "மேய்ப்பர், மந்தை" என்ற பேச்சிலேயே ஆரம்பிக்கிறதென்று நாம் நினைக்கிறோம். கேட்க வெகு அழகாயிருக்கிறது. ஆனால் ஆடு மேய்ப்பவன் ஆட்டை எதற்காக வளர்க்கிறான் என்பதைக் கிராமத்து ஜனங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆடு கணக்குக் கேட்காது. ஆடு மேய்ப்பனைத் தேர்ந்தெடுக்காது. மயிரைக் கத்தரித்தாலும் சும்மா நிற்கும். மனிதனை ஆடென்று சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டால், மேய்ப்பருக்குத் தாமும் ஒரு மனிதர்தாம் என்ற நினைவு மறந்துபோவதில் ஆச்சரியமில்லை.

ஆள் மாறினால் போதும் என்று நினைத்த காலமும் உண்டு. வெள்ளைக்காரப் பாதிரிமாரே சபையை ஆண்ட நாளில், திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா என்பவர் 1910ல் எடின்பரோ மகாநாட்டில் எழுந்து, வெள்ளைக்கார மிஷனரிகள் இந்திய ஊழியர்களைக் கூட உட்காரவைத்துச் சாப்பிடுவதில்லை, எஜமானத்தனம் வேண்டாம், சிநேகம் வேண்டும் என்ற கருத்தில் முகத்துக்கு நேரே பேசினார். 1912ல் அவரே தோர்ணக்கல்லில் முதல் இந்திய ஆங்கிலிக்க அத்தியட்சரானார். 1923ல் தூத்துக்குடியில் ரோச் என்பவர் கத்தோலிக்க மேற்றிராணியாரானார். 1947ல் தென்னிந்தியத் திருச்சபை ஏற்பட்டு நிர்வாகமும் கைமாறிற்று. நாற்காலியில் உட்கார்ந்தவரின் நிறம் மாறிற்று. நாற்காலியின் உயரம் குறையவில்லை. இன்று சபைத் தேர்தல் வழக்குகளும் சொத்து வழக்குகளும் ஹைகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு வரையில் போகின்றன. இந்தியாவிற்கு முதல் கர்தினால் கிடைத்தது 1953ல். தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து ஒருவர், ஐதராபாத்து அந்தோணி பூலா, கர்தினாலானது 2022ல். நடுவில் 69 வருஷம். சபையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் யாரோ அவர்களில் ஒரு தகுதியானவரைக் கண்டுபிடிக்க ஆவியானவருக்கு இவ்வளவு காலமா பிடித்தது?

பெண்கள் விஷயமும் இதுவே. தென்னிந்தியத் திருச்சபை 2013ல் புஷ்பலலிதா என்ற அம்மையாரை நந்தியால் பேராயராக்கிற்று; அதற்காக அச்சபையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ரோமாபுரியில் 2023ல் கூடிய மகாசபையில்தான் முதல் முறையாகப் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தார்கள். ஆனால் 2025 மே மாதம் புதுப் போப்பாகப் பதினான்காம் லியோவைத் தேர்ந்தெடுத்த 133 பேரில் ஒரு பெண்ணும் கிடையாது. கோவிலில் பாதிக்கு மேல் நிரம்பியிருப்பவர்களும், கூட்டுவதும் மெழுகுவதும் பூக்கட்டுவதும் பெண்கள். சாவி மட்டும் ஆண்கள் இடுப்பில்!

பெரிய வியாழக்கிழமையன்று பாதிரிமார் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவித் துடைக்கும் சடங்கொன்று உண்டு. குரு சீஷனுடைய காலைக் கழுவினார் என்பதன் ஞாபகம் அது. 2013ல் பிரான்சிஸ் போப் ஒரு சிறைச்சாலைக்குப் போய்ப் பெண்களின் கால்களையும் முஸ்லிம்களின் கால்களையும் கழுவினார். அதுவரையில் சட்டப்படி ஆண்களின் கால்களையே கழுவ வேண்டும். 2016ல் சட்டத்தையும் மாற்றினார். சடங்குகளில் நமக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும், இந்தச் சடங்கின் கருத்து நல்ல கருத்தென்று ஒப்புக்கொள்ளத் தடையில்லை. ஆனால் வியாழக்கிழமை கழுவிய காலை வெள்ளிக்கிழமை எந்தத் தெருவில் நடக்க விடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. தெருவில் விடாத காலைக் கழுவுவதைவிட, கழுவாமலே தெருவில் விடுவது ஆயிரம் பங்கு மேல்.

ஆகவே எழுப்புதல் வேண்டுமென்று உண்மையாய் விரும்பும் கிறிஸ்தவத் தோழர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான். கல்லறைத் தோட்டங்களின் நடுவிலுள்ள சுவர்களை ஒரு தேதி குறித்து இடியுங்கள். தேரும் பிணமும் எல்லாத் தெருவிலும் போகட்டும். போகாத ஊரில் திருவிழாவே வேண்டாமென்று மேற்றிராணியார் உத்தரவு போடட்டும். பங்குச் சபையிலும் பள்ளிக்கூட உத்தியோகத்திலும் காலேஜ் இடத்திலும் தாழ்த்தப்பட்டவருக்கும் பெண்களுக்கும் எத்தனை பங்கு என்பதை வருஷாவருஷம் கணக்கெழுதிக் கோவில் கதவில் ஒட்டுங்கள். காணிக்கைப் பணத்தின் வரவு செலவையும் அதன் பக்கத்திலேயே ஒட்டுங்கள். இவற்றில் எதற்கும் ஆவியின் உதவி வேண்டியதில்லை. ஒரு கடப்பாரையும், ஒரு கடுதாசியும், கொஞ்சம் பசையும் போதும்.

தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 1950ம் வருஷத்து உத்தரவினால் மதம் மாறியவர் என்று சர்க்கார் உங்கள் சலுகையை மறுத்தது. ஜாதி மாறாதவர் என்று சபை உங்களுக்குச் சமத்துவத்தை மறுத்தது. இரண்டு பக்கமும் அடிபடும் மத்தளமாய் இருக்கிறீர்கள். மேலேயிருந்து ஒருவர் மனம் மாறி இறங்கி வருவார் என்று காத்திருந்தவர்களின் கல்லறைதான் அந்தச் சுவருக்கு இப்புறம் இருக்கிறது. சுவரை இடிக்கத் துணிந்த பாதிரியாருக்குங்கூட, நியாயத்தைக் கேட்டு வாசலில் நின்ற ஜனங்கள் இல்லாவிட்டால் அத்துணிவு வந்திருக்காது. நீங்கள் ஆடுகளல்ல, ஆட்களென்று எழுந்து நின்று கணக்குக் கேளுங்கள். நீங்கள் எழுந்து நின்றால் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் தாமாகவே எழுந்திருப்பார்கள். அதற்குப் பெயர்தான் எழுப்புதல்!